முனகாத படி

ஏழாவது படி முனக மாட்டேன் என்று அடம் பிடித்தது.

அளவுக்காரம்மா மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டாள். முதலில் செருப்போடு, பிறகு வெறுங்காலோடு, கடைசியில் கோபம் வந்து அந்தப் படிமேல் நின்று குதித்தும் பார்த்துவிட்டாள். ஒன்பது படிகள் கொண்ட மரப் படிக்கட்டு மேடையின் வலது பக்கத்தில் அசையாமல் நின்றது. கட்டியவர் அவள் புருஷன், அந்த நாடக மன்றத்தின் தச்சர். இரண்டு வருஷமாக அவர் கட்டிய எதுவும் ஒரு சின்னச் சத்தம் போட்டதில்லை. இன்றைக்கு அதுதான் தலைவலி.

"மணி பன்னெண்டே கால்" என்றார் இயக்குநர், கீழே ஐந்தாவது வரிசையிலிருந்து. எதைச் சொன்னாலும் மணியைச் சொல்லிவிட்டுத்தான் சொல்வார் என்பதால் அவருக்கு மணிக்கூண்டு என்று பேர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நாளைக்குச் சாயங்காலம் ஆறரைக்கு ஜனம் வந்து உக்காந்துடும். படி இன்னும் வாயைத் திறக்கலையே அம்மா."

"திறக்கும், திறக்கும்."

"எப்ப? நாடகம் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறமா?"

"முனகலை ஸ்பீக்கர்ல போட்டுப் பாத்தோமே, நல்லாவா இருந்துச்சு? பொண்ணோட கால் இங்க இருக்கு, சத்தம் அங்க எங்கேயோ வருது. யாரோ அடுத்த வீட்டுல கட்டில்ல புரண்டு படுக்கிற மாதிரி."

"அதனாலதான் சொல்றேன். படி கத்தினா கடைசிக் காட்சி இருக்கு. கத்தலைன்னா வெட்டிடுவேன். நாலு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல என்னால முடியாது."

கடைசி வரிசையில் நாடகத்தை எழுதியவள் உட்கார்ந்திருந்தாள். வலது காலை முன் இருக்கையின் முதுகில் நீட்டி வைத்திருந்தாள். அவளுக்கு இருபத்தேழு வயது, வீட்டில் இன்னமும் பாப்பாதான். வெட்டுவேன் என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து வெளியே போனாள். அளவுக்காரம்மா மேடையில் நின்று அந்த நடையைப் பார்த்தாள். பெற்ற வயிறு, பார்க்காமல் இருக்குமா?

அளவுக்காரம்மா அந்த மன்றத்தில் இருபத்து நாலு வருஷமாக மேடை அமைப்பவள். இடுப்பில் எப்போதும் ஒரு டேப் தொங்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை அளந்துவிடுவாள். ஆனால் அவளுடைய உண்மையான பித்து அளவு இல்லை. புது நாடகம். எழுதியவர் உயிரோடு இருக்க வேண்டும், முதல் நாள் வந்து பின் வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும், அப்படிப்பட்ட நாடகம் என்றால் அவளுக்கு உயிர். பெரிய பேர் வாங்கிய பழைய நாடகங்களுக்கும் மேடை போட்டுக் கொடுப்பாள்தான். அதெல்லாம் அடுத்தவர் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி என்பாள்.

புதுப் பிரதி ஒன்று வந்தால் மூன்று தடவை படிப்பாள். முதல் தடவை படுத்துக்கொண்டு, எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல். இரண்டாம் தடவை வீட்டுக்குள் நடந்துகொண்டு, யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று. மூன்றாம் தடவை சமையலறையில், உரக்க. இவள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் குரல் கொடுப்பாள். ஆண்களுக்குத் தச்சர். அவர் குரலில் ராஜாவும் திருடனும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள், இருந்தாலும் வேண்டும். போன் ரிப்பேர் செய்யும் ஒருவர் எழுதிய நாடகத்தில் யாருமே உட்காரவில்லை என்பதை மூன்றாம் தடவையில்தான் கண்டுபிடித்தாள். நாற்காலியே இல்லாத வீடு ஒன்றைக் கட்டிக் கொடுத்தாள். எழுதியவர் பார்த்துவிட்டு, "நான் இதைத்தான் எழுதியிருக்கேனா?" என்று கேட்டார். ஒரு பள்ளிக்கூட டீச்சர் மூன்று பெண்கள் லிப்டுக்குள் மாட்டிக்கொண்ட கதையை எழுதிக்கொண்டு வந்தபோது, எல்லாரும் கேலி செய்ய, இவள் மட்டும் லிப்டை ஒவ்வொரு காட்சியிலும் ஒரு சாண் சின்னதாக்கிக்கொண்டே போனாள். கடைசியில் பார்த்தவர்களுக்கு மூச்சு முட்டியது. எழுத வந்தவர்களிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள்: "யாருக்கும் தயவு பாக்காம எழுதுங்க. உங்களுக்கே பதில் தெரியாத இடம் ஒண்ணு இருக்கும். அதை மூடாதீங்க. நான் அங்க ஒரு கதவு வைக்கிறேன்."

பாப்பா எழுதியது அவளுடைய முதல் நாடகம். ஒரு வீடு, ஒரு படிக்கட்டு, மூன்று பேர். விடியற்காலையில் மகள் மாடியிலிருந்து இறங்குவாள். ஏழாவது படி முனகும். கீழே முன்னறையில் அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்பார், உள்ளறையில் அம்மா கேட்பாள், யாரும் ஒன்றும் கேட்காதது போல இருப்பார்கள். தினமும் இப்படியே. கடைசிக் காட்சியில் மகள் வேண்டுமென்றே அந்தப் படிமேல் ஏறி நிற்பாள். திரும்பத் திரும்ப மிதிப்பாள். யாராவது பேசட்டும் என்று. யாரும் பேச மாட்டார்கள். விளக்கு அணையும். தேர்வுக் குழுவில் இருந்த நாலு பேரில் அதை அதிகம் கொண்டாடியவள் பெற்றவள்தான். "மகள்னு சொல்லலை. அந்த அம்மா பாத்திரம் இருக்கே, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு முழிச்சிருக்காளே, இந்த மாதிரி ஒரு பொம்பளையை நான் எந்த நாடகத்துலயும் பாத்ததில்லை" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

கால் கதையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் பாப்பா எழுத்தாளர் இல்லை, நடிகை. ஒரு பழைய நாடகம், மேடையில் ஒரு மாடம், அதில் நின்று அவள் பேச வேண்டும். மாடத்துக்கு முன்புறம் ஒரு தாங்கு கால் இருந்தது. நாடகத்துக்கு முந்தின நாள் அளவுக்காரம்மா இடது பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்து பார்த்தாள். அந்தக் கால் மகளுடைய முகத்தை மறைத்தது. "அதை எடுத்துடுங்க, பின்னாடி இரும்புப் பட்டை போட்டுக்கலாம்" என்றாள் புருஷனிடம். தச்சர் தலையைச் சொறிந்தார். யோசிக்கணும் என்றார். "நாளைக்கு நாடகம், யோசிக்கிறதுக்கு இப்பதான் நேரமா?" என்றாள். அவர் எடுத்தார். நாடகத்தின் மூன்றாம் நாள் பாப்பாவோடு மாடம் சரிந்து இறங்கியது. அவள் வலது கணுக்காலில் இரண்டு உலோகத் தகடு.

மேலாளர் வந்து, யார் கட்டியது என்று கேட்டார். "நான்தான், என் வேலைதான்" என்றார் தச்சர். பக்கத்திலேயே நின்ற அளவுக்காரம்மா வாயைத் திறந்தாள், மூடிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு தச்சரை ஒரு வருஷம் மேடைப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லி, உடைந்த இருக்கைகளைப் பழுதுபார்க்க வைத்தார்கள். பாப்பா அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் செய்த ஸ்டூலில்கூட அதன் பிறகு ஏறவில்லை.

மேடைக்குப் பின்னால் தகரக் கதவைத் தாண்டினால் பட்டறை. மழை வருகிற மாதிரி மூன்று நாளாக மேகம் கட்டிக்கொண்டு, வராமல் புழுக்கத்தை மட்டும் இறக்கிவிட்டிருந்தது. தச்சர் பனியனோடு உட்கார்ந்து ஒரு பலகையின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். மரத்தூள் புருவத்தில் ஒட்டியிருந்தது.

"என்னங்க."

"ம்."

"ஏழாவது படி சத்தம் போட மாட்டேங்குது."

"நல்லதுதானே."

"விளையாடாதீங்க. வரைபடத்துல சிவப்பு மையில எழுதிக் கொடுத்தேனே."

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"அடியில பசை வச்சேன். ரெண்டு பக்கமும் நாலு நாலு ஸ்க்ரூ. குறுக்கே ஒரு கட்டை. ஆறு பேர் ஏறி ஆடினாலும் அது வாயைத் திறக்காது."

"வேணும்னே செஞ்சிருக்கீங்க."

"வேணும்னே தளர்ந்த படி செய்யச் சொல்றியே, அது மட்டும் என்னவாம்?"

"தளர வேணாங்க, முனகினாப் போதும். பசையைச் சுரண்டிட்டு, ரெண்டு ஸ்க்ரூவை அரைச் சுத்து விட்டுட்டு, நடுவுல காஞ்ச மரச்சீவல் ஒண்ணைச் சொருகினா மரமும் மரமும் உரசும். எனக்கே தெரியுது, உங்களுக்கா தெரியாது?"

தச்சர் உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"முனகுற மரம்னா அசையிற மரம். இன்னிக்கு அசையிறது பத்தாம் நாள் கழண்டுக்கும். மேல ஏறப் போறது யாரு? ஒரு பொண்ணு. அதுக்கும் ஒரு அப்பன் இருப்பான்."

"அந்தக் காட்சியையே வெட்டிடுவேன்ங்கிறார். நாலு மணிக்குள்ள ஆகலைன்னா. பாப்பாவோட நாடகமே அங்கதான் இருக்கு."

"தெரியும். நானும்தானே உன்கூட நின்னு படிச்சேன்." அவர் குரல் இறங்கியது. "அந்த அப்பன் பேசுறதை என் வாயாலதானே படிக்க வச்சே? படி தளர்ந்திருக்குன்னு வீட்டுக்கே தெரியுது. அந்தாளு தினமும் சத்தத்தைக் கேக்குறான். ஒரு சுத்தியலை எடுத்து ரெண்டு தட்டு தட்ட மாட்டேங்குறான். யாரைச் சொல்றா அவ? என் அப்பன் தளர்ந்த பலகைமேல என்னை ஏத்திவிட்டான்னு ஊரைக் கூட்டிச் சொல்றா. சொல்லட்டும். அவ காலு, அவ சொல்லலாம். அதுக்குத் தளர்ந்த பலகையை என் கையாலயே செஞ்சு கொடுக்கணுமா?"

அவள் பக்கத்தில் இருந்த மரக்கட்டையில் உட்கார்ந்தாள். டேப்பை இழுத்து இழுத்து விட்டாள். அது சுருண்டு உள்ளே போகும் சத்தம் எரிச்சலாக இருந்தது.

"நான் சொல்லிடவா?" என்றாள்.

"என்னத்தை?"

"காலை எடுக்கச் சொன்னது நான்தான்னு."

தச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கோபம் வருவது வருஷத்துக்கு ஒரு தடவை. வந்தாலும் கத்த மாட்டார்.

"ரெண்டு வருஷமா சொல்லலை. இப்ப ஒரு படி கத்தணும்கிறதுக்காகச் சொல்லப் போறியா?"

முகத்தில் அறைந்தது போல இருந்தது. எழுந்து தகரக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

வீடு மன்றத்திலிருந்து இரண்டு தெரு. மதியச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் வீட்டுக்கு வந்துவிடுவது வழக்கம். ஆளுக்கு ஒரு சாவி. சாப்பாட்டு மேசையில் பாதி இடத்தை அட்டை மேடை பிடித்துக்கொண்டிருந்தது. உண்மையான மேடையை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி அளவுக்காரம்மா செய்த மாதிரி வடிவம். விரல் உயர அட்டை மனிதர்கள் மூன்று பேர் அதற்குள் இருந்தார்கள். ஒரு மாதமாக மூன்று தட்டுகளும் மீதிப் பாதியில் இடித்துக்கொண்டு கிடக்கின்றன. பாப்பா ஏற்கனவே வந்து, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு தொடாமல், அட்டை அம்மாவை விரலால் படுக்க வைத்து எழுப்பிக்கொண்டிருந்தாள்.

"அப்பா முடியாதுன்னுட்டாரா?"

"பேசிக்கிட்டிருக்கேன். நீ முதல்ல சாப்பிடு."

"படியை விடும்மா. படி சரியானாலும் அந்தக் காட்சியில ஒரு ஓட்டை இருக்குன்னு மணிக்கூண்டு சார் நேத்தே சொன்னார். அவர் கேக்குறதுக்கு என்கிட்ட பதில் இல்லை."

"என்ன கேக்குறார்?"

"அந்த அம்மா ஏன் பேசாம இருக்கான்னு கேக்குறார்."

அளவுக்காரம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இது அவளுடைய பாடம். தட்டைத் தள்ளி வைத்தாள். "அவருக்கு என்ன தெரியும்? அதுதான் நாடகத்தோட அழகே. அந்த வீட்டுல நிஜமா முழிச்சிருக்கிறது அவ ஒருத்திதான். பேசினா வீடு உடைஞ்சிடும்னு பயம். அதனாலதான் கட்டிலை நான் சுவரை ஒட்டிப் போட்டேன், முகம் தெரியாத மாதிரி."

"அது எல்லா அம்மாவுக்கும் சொல்ற காரணம்மா. எனக்கு இந்த அம்மாவோட காரணம் வேணும்."

"யோசிச்சா வரும். நீதானே உண்டாக்கினே அவளை."

"நான் உண்டாக்கலையே." பாப்பா அட்டை அம்மாவை மேசைமேல் எடுத்து வைத்தாள். "அன்னிக்கு மேலாளர் கேட்டப்ப நீ வாயைத் திறந்தே. நான் ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டுப் பாத்தேன். என்னமோ சொல்ல வந்தே, சொல்லாம மூடிட்டே. வலியில எனக்கு வேற எதுவும் ஞாபகம் இல்லை, அது மட்டும்தான் இருக்கு. நீ என்ன சொல்ல வந்திருப்பேன்னு ரெண்டு வருஷமா யோசிக்கிறேன். தெரியலை. அதனாலதான் எழுதவே ஆரம்பிச்சேன்."

மூன்று தடவை படித்தவள். படுத்துக்கொண்டு, நடந்துகொண்டு, உரக்க. கட்டிலுக்கு இடம் குறித்து, போர்வைக்கு நிறம் தேர்ந்தெடுத்து, அந்த அம்மாவைப் போல ஒருத்தியைப் பார்த்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள். அளவுக்காரம்மாவுக்குக் காது அடைத்தது. எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பாதி புடவையில் கொட்டியது.

"நீ நிஜமாவே கண்டுபிடிக்கலையா?" என்றாள் மகள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நான் படிக்கக் கொடுத்தப்பவே நீ கேப்பேன்னு நினைச்சேன்."

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தச்சர் வந்து, யாரையும் பார்க்காமல் குழாயடியில் கை கழுவினார்.

பாப்பா குரலைத் தணித்துக்கொண்டாள். "அப்பாவுக்காக நீ பரிஞ்சு பேச வந்தேன்னு வச்சுக்கட்டுமா? 'அவரைத் திட்டாதீங்க'ன்னு சொல்ல வந்து, பயந்து நிறுத்திட்டேன்னு. ரெண்டு வரி சேத்தா ஓட்டை அடைஞ்சிடும். அவரும் ஒத்துக்குவார்."

நல்ல வழிதான். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். நாளைக்கு நாடகம் நடக்கும், நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அந்த அம்மா நல்ல அம்மாவாகிவிடுவாள். குழாயில் தண்ணீர் நின்றது. தச்சர் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அது பொய்" என்றாள் அளவுக்காரம்மா. "அப்படி எழுதினா நான் மேடை போட்டுத் தர மாட்டேன்."

"அப்ப எது நிஜம்?"

"விடு" என்றார் தச்சர் அங்கிருந்தே. "சோறு ஆறுது."

"மாடத்துக்கு முன்னாடி ஒரு தாங்கு கால் இருந்துச்சு. உன் முகத்தை மறைச்சுது. நான்தான் எடுக்கச் சொன்னேன். அவர் யோசிக்கணும்னார். நான் யோசிக்க விடலை."

பாப்பா முதலில் அப்பாவைத்தான் பார்த்தாள்.

"நிஜமாப்பா?"

"யாரு சொன்னா என்ன? எடுத்தது இந்தக் கைதான்." ஈரக் கையைக் காட்டினார். "முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை."

"ரெண்டு வருஷம்" என்றாள் பாப்பா அம்மாவிடம். குரல் உடைந்தது. "நான் அவர் செஞ்ச ஸ்டூல்ல கூட ஏறலை. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"இருந்தேன்."

"ஏம்மா?"

அளவுக்காரம்மா நின்றுகொண்டே சொன்னாள். "முதல்ல பயம். ஆஸ்பத்திரியில சொல்லிடலாம்னு இருந்தேன். அங்க நீ ஒரு நோட்டு கேட்டே. நாலு பக்கம் எழுதி, முதல்ல என்கிட்ட கொடுத்தே. நல்லா இருந்துச்சு. அப்படி ஒரு எழுத்தை நான் எத்தனையோ வருஷமாத் தேடிக்கிட்டு இருந்தேன். சொல்லிட்டா நீ அடுத்த நாலு பக்கத்தை என்கிட்ட கொடுக்க மாட்டே. அதுக்காகத்தான் சொல்லலை. அவரைப் பத்தி நான் நினைக்கவே இல்லை."

தச்சர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். யாரும் சாப்பிடவில்லை. பாப்பா அட்டை அம்மாவை எடுத்து மேடைக்குள் திருப்பி வைத்தாள். பிறகு பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தாள்.

"இதை எழுதலாமா?"

"எழுதாதேம்மா" என்றார் தச்சர்.

"எழுது" என்றாள் அளவுக்காரம்மா.

"நாளைக்கு மேலாளர் முன் வரிசையில உக்காந்திருப்பார். எல்லாருக்கும் புரியும்" என்றாள் பாப்பா.

"தயவு பாக்காம எழுது."

அவள் எழுதினாள். அடித்தாள், எழுதினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே முதல் தூறல் விழுந்து, துணி எடுக்க ஓடும் காலடிகள் கேட்டன. அளவுக்காரம்மா எதிரில் உட்கார்ந்து பேனா போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக வருகிறது என்று அந்த வேகத்திலேயே தெரிந்தது. தாள் தன் பக்கம் வரும் என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

பாப்பா இரண்டு தாள்களையும் மேசைக்குக் குறுக்கே தச்சரிடம் நீட்டினாள்.

"முதல்ல நீங்க படிங்கப்பா."

அவர் உதட்டை அசைத்து, ஒவ்வொரு எழுத்தாக, சாவகாசமாகப் படித்தார். இரண்டாம் தாளில் நடுவில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடித்ததும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"மணி என்ன?"

"ரெண்டே முக்கால்" என்றாள் பாப்பா.

"பசையைச் சுரண்ட அரை மணி ஆகும். நீயும் வா. சத்தம் சரியா வருதான்னு நீதான் ஏறிப் பாக்கணும்."

அவள் எழுந்தாள். அவர் தன் கையை நீட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனார்.

"நான் ஏதாவது மாத்தணுமா?" என்றாள் அளவுக்காரம்மா பின்னாலிருந்து. "கட்டில், கதவு, ஏதாவது? ஒரு தடவை படிச்சேன்னா சொல்லிடுவேன்."

பாப்பா வாசலில் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் பரவாயில்லை என்று அளவுக்காரம்மாவுக்குத் தோன்றியது.

"ஒண்ணும் மாத்த வேணாம்மா. எல்லாரோடயும் சேந்து நாளைக்கு மேடையில பாரு."

கதவு சாத்திக்கொண்டது. அளவுக்காரம்மா மூன்று தட்டுச் சோற்றையும் மூடி வைத்தாள். பிறகு உட்கார்ந்தாள். நாளைக்கு ஆறரைக்கு இன்னும் இருபத்தேழு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவள் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.